யார் காதில் விழுந்தால் அது தெய்வ வாக்கு?

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் திருக்கச்சி நம்பி சன்னிதிக்கு வருவார்கள். எனக்குச் சிறு வயதிலிருந்தே முதலில் நம்பிதான். எங்கள் ஊர்க்காரர். 11ஆம் நூற்றாண்டில் இங்கே வைசிய குலத்தில் பிறந்தவர். நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாற்றியவர். அங்கே சன்னிதியில் நின்று ஆலவட்டம் வீசுவதுதான் அவருடைய கைங்கரியம். அப்படி விசிறிக்கொண்டிருக்கும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்று குருபரம்பரை சொல்கிறது. சாடையாகவோ கனவிலோ இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுபோல நேராகப் பேசுவார்.

இராமானுசருக்கு மனத்தில் சில ஐயங்கள் இருந்தன. அவர் நம்பியிடம் வந்து, பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நம்பி ஆறு வார்த்தைகளோடு திரும்பி வந்தார். நானே பரம்பொருள், உயிர்கள் வேறு நான் வேறு, சரணாகதியே வழி, அந்திம நேரத்தில் நினைக்க முடியாவிட்டாலும் குற்றமில்லை, உடல் விழும்போதே மோட்சம், பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள். இதுதான் அந்த ஆறின் சாரம். கேட்ட இராமானுசர் உடனே புறப்பட்டார். மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்தார். வைணவத்தின் போக்கே அந்தப் பயணத்தில்தான் தீர்மானமானது.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய அதிசயம். தெய்வம் பேசியதை மட்டும் சொல்லவில்லை. பிராமண குலத்தில் பிறந்து வேதாந்தம் படித்த ஒரு இளைஞர், வேறு குலத்து மனிதர் ஒருவர், "எனக்குக் குரல் கேட்கிறது" என்றபோது நம்பினாரே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காஞ்சியில் அன்று ஒருவர்கூட நம்பியை வைத்தியரிடம் இழுத்துப் போகவில்லை.

எங்கள் அக்காவுக்கும் குரல் கேட்டது.

கரையான்சாவடியில் அப்போது எங்கள் வீடு. அம்மா இறந்து வருஷம் திரும்புவதற்குள் அக்கா தூக்கத்தை விட்டாள். பிறகு சாப்பாட்டை விட்டாள். சுவரைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். முதல் சில மாதம் யார் யாரோ சேர்ந்து அவளை அசிங்கமாகத் திட்டுவதாகச் சொல்லி அழுதாள். தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். காத்து கருப்பு என்றார்கள், செய்வினை என்றார்கள். அத்தை திருவேற்காட்டுக்கு அழைத்துப் போனாள். கருமாரியம்மன் சன்னிதியில் வேப்பிலையால் அடித்து, எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அக்கா அங்கே அமைதியாகத்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி தொடங்கியது. கடைசியில் அப்பா அவளைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே மற்றவர்கள் சிரிக்கும் காலம் அது. சென்னையின் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது என்பதும், 1871இல்தான் கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு மாறியது என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று தெரிந்ததெல்லாம் நீளமான புறநோயாளிகள் வரிசையும், அங்கே கொடுத்த மாத்திரையும், மாதம் ஒரு ஊசியும்தான்.

மாத்திரையில் அந்தத் திட்டும் குரல்கள் ஓய்ந்தன. எல்லாமே ஓய்ந்துவிடவில்லை. அம்மாவின் குரல் மட்டும் தங்கிவிட்டது. "எழுந்திருடி, விளக்கேத்து, அரிசியக் களஞ்சு வை" என்று அது சொல்லும். அக்கா எழுந்து விளக்கேற்றுவாள், அரிசி களைவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அம்மா திட்டும்தான் தம்பி. ஆனா சாப்டியான்னு கேக்காம இருக்காது." அந்தக் குரலோடுதான் அவள் கடைசிவரை வாழ்ந்தாள். அண்ணன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். கோயிலுக்குத் துளசி கட்டிக் கொடுத்தாள்.

என் மகள் மருத்துவ சமூகப்பணி படித்தவள். அவள் ஒருநாள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சென்னையின் ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் பத்மாவதி முதலானவர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு அது. கலிபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் தலா 20 பேரிடம், "உங்களுக்குக் கேட்கும் குரல் எப்படிப்பட்டது?" என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் மனச்சிதைவு என்ற ஒரே நோய். ஆனால் குரல் ஒன்றாக இல்லை. அமெரிக்கர்கள் பலருக்கு அது போரையும் சித்திரவதையையும் பேசியது. தம் மூளை கெட்டுப்போனதன் அடையாளமாகவே அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்ராவில் பலர் கடவுளே பேசுவதாகச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய், குளி, சாப்பிடு என்று ஏவும் குரல்.

அக்கா இந்த ஆய்வில் இருந்தவள் இல்லை. இருந்தாலும் அவளைப் பற்றி யாரோ எழுதியதுபோல இருந்தது எனக்கு.

இதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒரு பெருமிதம் வரும். நம் குடும்பம், நம் பக்தி, நம் பண்பாடு என்று நெஞ்சை நிமிர்த்தத் தோன்றும். அதற்கு முன்னால், நடந்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில், பிரஸ் ஷாப்பில் ஒடிசாப் பையன்கள் நிறைய வந்தார்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். பட்டரவாக்கம் பக்கம் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஷிப்ட் மாற்றித் தூங்குவார்கள். அதில் ஒரு பையன் திடீரென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். பிரஸ் ஓடாதபோதும் பொத்திக்கொண்டான். எனக்குக் கொஞ்சம் இந்தி வரும். ஓரமாக உட்கார வைத்துக் கேட்டேன். மெஷினுக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னான். எந்த பாஷையில் என்றேன். தமிழில் என்றான். என்ன சொல்லித் திட்டுகிறது என்றதற்கு அவன் சொன்ன நாலைந்து வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஷாப்பில் அந்தப் பையன்களைப் பார்த்து நாள் பூராவும் வீசப்பட்ட வார்த்தைகள் அவை. அவன் தமிழில் கற்றதே அவ்வளவுதான்.

என் அக்காவின் குரலும் தமிழ்தான், இந்தப் பையனின் குரலும் தமிழ்தான். ஒன்று சாப்பிட்டாயா என்று கேட்டது. இன்னொன்று அவனைப் பெற்றவளைப் பழித்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னபோது, கான்ட்ராக்டர் அவனுக்கு டிக்கெட் எடுத்து சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டதாகச் சொன்னார். "ஊர்ல போய் சரியாயிடும் சார்" என்றார். அவன் என்ன ஆனான் என்று அதன் பிறகு தெரியவில்லை.

அந்தப் பையனை நினைத்துக்கொண்டுதான் மகளின் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். இனத்துக்கு இனம் மனநோய் ஏறுவதும் இறங்குவதும் ஏன் என்ற கேள்வியை உலகம் ரொம்பக் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1932இல் ஓடகார்ட் என்ற நார்வே மருத்துவர் ஒன்றைக் கண்டார். அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த நார்வேக்காரர்களுக்கு, ஊரிலேயே தங்கிவிட்டவர்களைவிட மனச்சிதைவு அதிகம் வந்திருந்தது. மனநோய்க்கு ஆளாகக்கூடியவர்கள்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் ஆகிய ஊர்களில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு, கரீபியத் தீவுகளின் வழிவந்த கறுப்பின மக்களுக்கு அங்கே மனச்சிதைவு வெள்ளையரைவிட ஒன்பது மடங்கு அதிகம் என்றது. கேட்டவுடன் இது இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1990களில் ஜமைக்காவிலும் பார்படோசிலும் டிரினிடாடிலும் எண்ணிப் பார்த்தபோது அந்த மடங்கு எதுவும் இல்லை. அதே மக்கள்தான். கடலைத் தாண்டியதும் நோய் பெருகியிருக்கிறது.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் தெற்கு லண்டனை வார்டு வார்டாகப் பார்த்தார்கள். வெள்ளையரல்லாதவர்கள் ஒரு பகுதியில் எவ்வளவு குறைவாக இருக்கிறார்களோ, அங்கே அவர்களுக்கு மனச்சிதைவு அவ்வளவு அதிகமாக வந்தது. கூட்டமாக இருந்தால் குறைவு, தனித்திருந்தால் அதிகம். சுற்றிலும் நம் முகம் இல்லாத தெரு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை எண்ணில் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

அதே உலகம் இதைவிடக் கொடுமையான காரியமும் செய்திருக்கிறது. 1851இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எஜமானனை விட்டு ஓடுவதே ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு 'டிரேப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். அடிமையின் காதில் விழுந்த விடுதலைக் குரல் அந்த மருத்துவருக்கு நோயாகிவிட்டது. நூறு வருஷம் கழித்தும் இது முழுக்கத் தீரவில்லை. ஜோனதன் மெட்சல் என்ற மனநல மருத்துவர் மிச்சிகனின் அயோனியா மருத்துவமனைப் பதிவேடுகளைப் படித்து 2010இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு காலத்தில் அங்கே மனச்சிதைவு என்ற பெயர் பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாத வெள்ளையர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எழுதப்பட்டது. 1960களில், உரிமைப் போராட்டம் கொதித்த வருஷங்களில், அதே பெயர் டெட்ராய்ட்டின் கறுப்பின ஆண்களுக்கு எழுதப்பட்டது. 1968இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு, அந்த நோயின் ஒரு வகைக்கு விரோத மனப்பான்மையையும் ஆக்ரோஷத்தையும் அடையாளமாகச் சொன்னது. மக்கள் மாறினார்களா, எழுதிய பேனா மாறியதா என்று கேட்டால், பேனா மாறியதுதான் அதிகம் என்பேன்.

இங்கேதான் நம்பி எனக்கு மறுபடி வருகிறார். ஒருவன் எனக்குக் குரல் கேட்கிறது என்றால் அது அருளா, நோயா, கலகமா என்று தீர்மானிப்பது யார்? இராமானுசர் தீர்மானித்தார். கார்ட்ரைட்டும் தீர்மானித்தார். ஒருவர் தன்னைவிடத் தாழ்ந்த குலம் என்று உலகம் சொன்னவரிடம் போய்க் கேட்டார். மற்றவர் தன் ஆளுகையில் இருந்தவனிடம் எதையுமே கேட்கவில்லை.

காஞ்சிக் கதையிலும் இந்தப் பிளவு உண்டு. நம்பி உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு இராமானுசர் அவரை வீட்டுக்கு அழைத்தார். நம்பி வந்தபோது இராமானுசர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி நம்பிக்குச் சோறு போட்டார். நம்பி போனதும், மிச்சத்தைத் தள்ளிவிட்டு, இடத்தைக் கழுவிக் குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார். ஒரே வீட்டில் ஒருவருக்கு நம்பி தெய்வத்தோடு பேசுகிறவர், மற்றவருக்குத் தீட்டு. நம் பண்பாடு என்று நாம் பெருமை பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஏனென்றால் மனச்சிதைவுள்ளவர்கள் ஏழை நாடுகளில் நன்றாகத் தேறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகள் சொன்னபோது நாம் மகிழ்ந்தோம். ஆக்ராவும் சண்டிகரும் அந்த ஆய்வுகளில் இருந்தன. சென்னையில் மருத்துவர் தாரா, 1980களின் தொடக்கத்தில் முதல்முறை நோய் கண்ட 90 பேரை எடுத்துக்கொண்டு 25 வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார். அவ்வளவு நெருங்கிப் பார்த்த அதே தாரா, 2008இல் வேறு மூவரோடு சேர்ந்து, ஏழை நாடுகளில் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடியதா என்று கேள்வி எழுப்பினார். அவர் நேர்மையை நான் வணங்குகிறேன். நம் பக்தியின் நிழலிலேதான் ஏர்வாடி நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைத்திருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்கள் அவர்கள். தர்கா அவர்களைக் கட்டிப்போடவில்லை. குடும்பம் கொண்டுவந்து விட, பணம் வாங்கிக்கொண்டு மனிதர்கள் கட்டிப்போட்டார்கள்.

கோயிலும் தர்காவும் ஒன்றும் செய்வதில்லை என்று இதற்குப் பொருளில்லை. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் கவனித்து 2002இல் எழுதினார்கள். மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமல், சில வாரம் அங்கே தங்கி, கோயில் வேலை செய்ததிலேயே அவர்களுடைய நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, கட்டவில்லை, துரத்தவில்லை. உறவினர் ஒருவர் கூடவே இருந்தார். மருந்து வேண்டாம் என்பதற்கு இது சாட்சியில்லை. அக்காவை மீட்டதில் மாத்திரையின் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு நாளும் அதை நிறுத்தவிட்டதில்லை. ஆனால் மாத்திரை திட்டும் குரல்களை அடக்கியது. அம்மாவின் குரலை அங்கே வைத்தது வீடு.

"முன்வினை" என்று சொல்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். என் துன்பத்துக்கு நான் என் வினையை நொந்துகொள்ளலாம். அது என் பக்தி. அடுத்தவன் துன்பத்துக்கு அவன் வினையைக் காட்டினால் அது கையைக் கழுவுவது. நம்பி கொண்டுவந்த ஆறு வார்த்தைகளில் நாலாவதைப் பாருங்கள். சாகும்போது என்னை நினைக்க முடியாத நிலையில் நீ இருந்தாலும் பரவாயில்லை என்கிறார் பெருமாள். புத்தி கலங்கியவனையும் கைவிடமாட்டேன் என்பதைவிட அதற்கு வேறு என்ன அர்த்தம் கொள்வது? பெருமாளே கணக்குப் பார்க்காதபோது நாம் எதற்குப் பார்க்க வேண்டும்?

அக்காவுக்குக் கேட்டது தெய்வத்தின் குரலா என்று என்னை ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். நம்பிக்குக் கேட்டது தெய்வத்தின் குரல்தானா என்றார். ஆமாம் என்றேன். எப்படிப் பிரிக்கிறீர்கள் என்றார். குரல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்துத்தான். நம்பி கொண்டுவந்த ஆறாவது வார்த்தை இராமானுசரை இன்னொரு மனிதரிடம் அனுப்பியது. நோயின் குரல் மனிதரிடமிருந்து பிரித்துக் காதைப் பொத்தவைக்கிறது. ஆனால் இதையும் முழு விதியாக நான் வைக்கமாட்டேன். அக்காவின் அந்தக் கடைசிக் குரல் நோயிலிருந்து பிறந்ததுதான். அதுவும் அவளை அடுப்படிக்கு, பிள்ளைகளிடம், எங்களிடம் அனுப்பியது. குரலின் ஊற்று எது என்பதை நம்மால் அறிய முடியாது. அந்தக் குரல் என்ன மொழி பேச வேண்டும் என்பதில் நமக்குப் பங்கு உண்டு. நாம் நாள்தோறும் ஒருவன் மேல் வீசுகிற சொல்தான் அவன் தலைக்குள் போய் உட்கார்ந்து திரும்பப் பேசுகிறது. இனங்களுக்கு நடுவே தெரிகிற வேற்றுமையில் பெரும்பகுதி இதுதான் என்பது என் முடிவு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் தினக்கூலிகள் 2014இல் நூற்றுக்கு 12 பேர். 2021இல் 25க்கும் மேல். அந்தக் கணக்கு மொழியையோ சாதியையோ சொல்வதில்லை. ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமழிசையிலும் தினக்கூலிக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் நம் மொழி பேசாதவர்கள் என்று நமக்குத் தெரியும். செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பாலாங்கீர்க்காரர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பட்டறைகளில் இருப்பவர்கள் தனியாக இருக்கிறார்கள்.

கம்பெனி வைத்திருப்பவர்களுக்கும், சூப்பர்வைசர்களுக்கும், அறை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஒரு பையன் தூங்காமல், சாப்பிடாமல், தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் அவனை ரயிலேற்றாதீர்கள். அவன் ஊர்க்காரன் ஒருவனைக் கூட வைத்துக்கொண்டு என்ன கேட்கிறது என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப் போங்கள். 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. பணம் கிடையாது. தமிழில் மட்டுமல்ல, ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் பேசுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அந்த எண்ணை அந்தந்த எழுத்தில் எழுதி டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டுங்கள். ஷாப்பில் திட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.